மரத்தரை

நெரிஸ் அனுப்பிய ஒலிப்பதிவோடு
ஒரு வரிகூட எழுதவில்லை.
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், டிரம்ஸ் வாசிக்கிறவள்.
இரண்டிலும் வீண் பேச்சு கிடையாது.

லனெல்லி ரக்பி கிளப், சனிக்கிழமை இரவு,
யாரோ ஒரு கெரித்துக்கும் யாரோ ஒரு ஓவைனுக்கும்
கல்யாண விருந்து.
கைப்பேசியைத் தன் காலடியில்
தரையிலேயே வைத்திருக்கிறாள் போலும்.
பாட்டைவிடக் கால்கள்தாம் தெளிவாகக் கேட்கின்றன:
குதிகால், ஷூ, வெறுங்கால்,
பழைய பலகைகள் மொத்தமாக இறங்கி ஏறும் ஓசை.

பிறகு என் தனி வாசிப்பு.

கட்டைவிரலால் அறைந்தேன்.
ஆள்காட்டி விரலால் சுண்டினேன்.
இரண்டு கைகளையும் கிட்டாரின் கழுத்துக்கு ஏற்றி
தந்தி ஆபீஸ்காரன் மாதிரி தட்டித் தள்ளினேன்.
பதினான்கு மாதம் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால்
வளர்த்த வித்தை.
கைதட்டல் வந்தது. விசில் வந்தது.
மணமகனின் சித்தப்பா "தா இயான்!" என்று
வெல்ஷில் கத்துவதுகூடப் பதிவாகியிருக்கிறது.

தரை மட்டும் நின்றுவிட்டது.

திருப்பி ஓட்டிக் கேட்டேன்.
நாற்பத்திரண்டு நொடி.
ஒரு பலகைகூட முனகவில்லை.
இருநூறு கால்கள்
என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன.

ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.
ஆட்டுவிக்கத் தெரியாதவனுக்கு?
கூடம் நேராகத்தான் இருந்தது.

அதைவிட மோசம், பிறகு வருவது.
வித்தை முடிந்து பாட்டுக்குத் திரும்பும் இடத்தில்
நெரிஸின் மிதிக்கு மயிரிழை முன்னால் விழுகிறேன்,
ஒவ்வொரு முறையும்,
கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி.
அவள் எனக்காக வேகம் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.
நான்தான் அவளைக் கேட்டதே இல்லை,
மூன்று வருடமாக,
ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு.

ஞாயிறு. மழை.
மெட்ரோனோமை நாற்பதில் வைத்தேன்.
தடித்த தந்தி, மூன்றாவது ஃபிரெட், ஒரே ஸ்வரம்.
நாற்பதில், ஒரு சொடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே
கொட்டாவியே விட்டுவிடலாம்.
அவ்வளவு இடத்தை என்ன செய்வதென்று
விரல்களுக்குத் தெரியவில்லை.
அரிக்கிறது.
ஓரத்தில் ஒரு பூவேலை, ஒன்றே ஒன்று, என்று கெஞ்சுகிறது.

ஸ்வரத்தைத் தொடங்க மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.
முடிப்பது வேறு வேலை.
விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விடவேண்டும்,
எல்லோரும் தூங்குகிற வீட்டில்
கதவைச் சாத்துவதுபோல.

செவ்வாயன்று தெரிந்தது: நடுவிரல் நொண்டுகிறது.
பதினொரு வருடமாக நொண்டியிருக்கிறது.
வேகம் அதைப் போர்த்தி வைத்திருந்தது.

வியாழன் எதுவும் நடக்கவில்லை.
வெள்ளியும்.

அடுத்த மாதம் பரி போர்ட்டில்,
துறைமுகக் கிளப்பில் ஒருவருக்குப் பணி ஓய்வு விருந்து.
சிமென்ட் தரை, மேலே கம்பளம்.
பலகையின் சாட்சிக்கு வழியில்லை.
நான்காவது பாட்டில், ஒரே ஒரு தடவை,
எது அவள் தோல், எது என் தந்தி என்று
பிரிக்க முடியாமல் ஏதோ ஒன்று விழுந்தது.
வயிற்றில் கேட்டது, காதில் இல்லை.
அப்போது பாரிலிருந்து திரும்பிய ஒரு பெண்
நிரம்பிய இரண்டு கோப்பைகளோடு,
நடக்கிறாளா ஆடுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல்
மேஜைவரை இடுப்பாலேயே போனாள்.
ஒரு துளி சிந்தவில்லை.

யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை.
பாடகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.
கிட்டார்க்காரனுக்கு ஒருவர் பியர் வாங்கித் தந்தார்.
பொய் சொல்லமாட்டேன், வலித்தது.

எல்லோரும் போனபின் கேபிளைச் சுருட்டினேன்.
ஆம்ப் இன்னும் அணையவில்லை.
காலி அறை. மடக்கிய நாற்காலிகள்.
கட்டைவிரலால் ஒரே ஒரு அறை,
கொஞ்சம் சுண்டல்,
மேல் ஃபிரெட்வரை ஒரு குட்டி ஓட்டம்.

வாசலில் டிரம்மை வேனுக்குள் தள்ளிக்கொண்டே,
திரும்பாமல், நெரிஸ் சொன்னாள்:
"கேட்டுச்சு."